லண்டன் – நியூயார்க்: நாலு தூரம், மூணு நேரம், எதை நம்புவது?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது ஒரு வரிக் கேள்வி: லண்டனிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம், விமானத்தில் எத்தனை மணி நேரம். ஆனால் அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருப்பதுதான் விஷயம். ஒரு தளம் 5,540 கி.மீ. என்கிறது, இன்னொன்று 5,555, மற்றவை 5,570, 5,585. ஒரு தளம் பயண நேரம் 7 மணி 25 நிமிடம் என்கிறது, டிக்கெட்டிலோ போக 8 மணி 5 நிமிடம், திரும்ப 7 மணி. மார்ச் நடுவில் காலை 11:00 மணிக்குக் கிளம்பி அங்கே பிற்பகல் 3:05க்கு இறங்குவதாகப் போட்டிருப்பதை வைத்து, ஐந்து மணி நேர வித்தியாசத்தைக் கூட்டிப் பார்த்தால் உங்களுக்கு 9 மணி 5 நிமிடம் வருகிறது. போதாக்குறைக்கு, இறங்கியதும் வேறு டிக்கெட்டில் இன்னொரு விமானம் பிடிக்க வேண்டும். ஆக, இதில் யார் சொல்வது தப்பு, எதை வைத்து நான் திட்டம் போடுவது என்பதுதான் உங்கள் கேள்வி. பெரும்பாலும் யாரும் தப்பாகச் சொல்லவில்லை, ஆளுக்கு ஒன்றை அளந்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைக்கிறார்கள், அவ்வளவுதான். நான் பல வருஷமாக டிஸ்பாட்ச் வேலையில் இருக்கிறேன். ஒரு விமானம் கிளம்பும் முன் அது எந்த வழியாக, எந்த உயரத்தில், எவ்வளவு எரிபொருளோடு போக வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுக்கும் வேலை. டிக்கெட்டில் வரும் நேரத்தை முடிவு செய்வது வேறு பிரிவு, அதைப் பற்றி நான் சொல்வதெல்லாம் பக்கத்து மேசையிலிருந்து பார்த்த அளவுக்குத்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தூரம். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, நாலு எண்ணும் சரி. 5,570 என்பது பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள கச்சிதமான உருண்டையாக வைத்துக்கொண்டு, லண்டன் நகர மையத்துக்கும் நியூயார்க் நகர மையத்துக்கும் நடுவே அந்த உருண்டையின் மேல் போடக்கூடிய மிகக் குறுகிய கோடு. ஆனால் பூமி அப்படிக் கச்சிதமாக இல்லை. பூமத்திய ரேகையில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357. இந்தத் தட்டையையும் கணக்கில் எடுத்தால் அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 5,585 வரும். சரி, விமானம் நகர மையத்திலிருந்தா கிளம்புகிறது? ஹீத்ரோ விமான நிலையம் லண்டன் மையத்துக்கு மேற்கே இருபது கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கிறது, அதாவது நியூயார்க் பக்கமாக. ஜே.எஃப்.கே. நியூயார்க்கின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது, அதாவது லண்டன் பக்கமாக. இரண்டு முனையும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்துவிடுவதால் கிட்டத்தட்ட 30 கி.மீ. குறைகிறது. உருண்டைக் கணக்கில் 5,540, தட்டைக் கணக்கில் 5,555. இதையே ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நூவர்க் விமான நிலையத்துக்குப் போட்டால் மறுபடி கொஞ்சம் கூடும். நாங்கள் பயன்படுத்துவது அந்த 5,555தான், அதுவும் நாட்டிக்கல் மைலில்: ஏறக்குறைய 3,000. ஒரு நாட்டிக்கல் மைல் 1.852 கி.மீ., சாதாரண மைல் 1.609 கி.மீ. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதும் தளங்களும் உண்டு. எங்காவது தூரம் 15 சதவீதம் கூடவோ குறையவோ தெரிந்தால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அந்தக் 'குறுகிய கோடு' வரைபடத்தில் நாம் ஸ்கேல் வைத்துப் போடும் கோடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விமானத்தின் திரையில் வழி வடக்கே வளைந்து போவதைப் பார்த்துவிட்டு 'ஏன் சுற்றிப் போகிறார்கள்' என்று கேட்பவர்கள் நிறைய. மாட்ரிட், நியூயார்க் இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, இரண்டுமே 40 டிகிரி வடக்குக்குச் சற்று மேல். அதே அட்சரேகையைப் பிடித்துக்கொண்டு நேர் மேற்கே போனால் சுமார் 5,930 கி.மீ. அதற்குப் பதிலாக நடுவில் 46 டிகிரி வடக்கு வரை ஏறி இறங்கினால் சுமார் 5,765. தட்டையான தாளில் நேராகத் தெரிவதுதான் உண்மையில் நீளம், வளைந்து தெரிவதுதான் குறுக்கு வழி. வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், சந்தேகம் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

இதுவரை சொன்னது நிச்சயம். இனி வருவதில் கொஞ்சம் கொஞ்சமாக நிச்சயம் குறையும். எந்த விமானமும் அந்தக் கோட்டின் மேலேயே பறப்பதில்லை. கிளம்பும் ஓடுபாதை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறதோ அந்தப் பக்கம் ஏறித் திரும்ப வேண்டும், இறங்கும் இடத்தில் மற்ற விமானங்களோடு வரிசையில் சேர வேண்டும். வட அட்லாண்டிக்கில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. கடல் நடுவில் தரை ரேடார் எட்டாது என்பதால், அன்றைய காற்றைப் பார்த்து ஒவ்வொரு நாளும் புதிதாக வழித்தடங்களைப் போட்டு வெளியிடுவார்கள். பகலில் மேற்கே போகும் கூட்டத்துக்கு ஐரோப்பியப் பக்கத்து ஷான்விக் கட்டுப்பாட்டு மையமும், இரவில் கிழக்கே வரும் கூட்டத்துக்கு கனடாப் பக்கத்து கேண்டர் மையமும் போடும். மேற்கே போவதை எதிர்க்காற்றுக்கு ஒதுங்கிப் போடுவார்கள், கிழக்கே வருவதைக் காற்றின் முதுகில் ஏற்றிப் போடுவார்கள். அதனால் 'போக வர தூரமாவது ஒன்றுதானே' என்று நீங்கள் கேட்டால், இல்லை, பெரும்பாலான நாட்களில் அதுவும் ஒன்றாக இருப்பதில்லை. தோராயமாக, கணக்குத் தூரத்தைவிட 3 முதல் 5 சதவீதம் கூடுதலாகப் பறப்பதாக வைத்துக்கொண்டால் இந்த வழித்தடத்துக்குப் பொருந்தும். வேறு நகரங்களுக்கு இந்தச் சதவீதத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 2022 பிப்ரவரியில் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்துகொண்டிருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேரம் ஆனது. இரண்டு நகரங்களும் இருந்த இடத்தில்தான் இருந்தன, தூரம் காட்டும் தளங்களில் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை. திபெத் பீடபூமிக்கு மேலேயும் வழக்கமான விமானங்கள் அதிகம் போவதில்லை. கேபின் அழுத்தம் போனால் சட்டென்று 10,000 அடிக்கு இறங்க வேண்டும், அங்கேயோ தரையே சராசரியாக அதைவிட உயரம். பயணிகளின் முகமூடியில் வரும் ஆக்ஸிஜன் பெரும்பாலான விமானங்களில் கால் மணி நேரம் போலத்தான் தாங்கும். அதனால் சுற்றித்தான் போக வேண்டும்.

இப்போது காற்று. உங்கள் டிக்கெட்டில் இருக்கும் ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் இதுதான். நீண்ட தூர விமானங்கள் ஒலியின் வேகத்தில் 85 சதவீதம் போலப் பறக்கும். 11 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 டிகிரி வாக்கில் இருக்கும், அந்தக் குளிரில் ஒலியின் வேகமே மணிக்கு 1,060 கி.மீ. சொச்சம்தான். ஆக விமானத்தின் வேகம் மணிக்கு சுமார் 900 கி.மீ. ஆனால் இது காற்றோடு ஒப்பிட்ட வேகம், தரையோடு ஒப்பிட்டது அல்ல. ஓடும் ஆற்றில் போகும் படகு மாதிரிதான், ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாமல் கரையில் எப்போது சேருவோம் என்று சொல்ல முடியாது. அட்லாண்டிக்குக்கு மேலே அந்த ஆறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது, பெயர் ஜெட் ஸ்ட்ரீம், குளிர்காலத்தில் இன்னும் வலுவாக இருக்கும். மணிக்கு 150 கி.மீ. அங்கே சாதாரணம். இன்னொன்று, போகும்போது இழப்பதைத் திரும்பும்போது அப்படியே பிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். 5,750 கி.மீ. பறப்பதாக வையுங்கள். காற்றே இல்லையென்றால் ஒரு பக்கம் 6 மணி 23 நிமிடம். வழி முழுக்க 150 கி.மீ. எதிர்க்காற்று என்றால் 7 மணி 40 நிமிடம், அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 5 மணி 29 நிமிடம். இழந்தது 77 நிமிடம், கிடைத்தது 54 நிமிடம். எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால் அதிக நேரம் அந்தக் காற்றிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறோம், அதுதான் காரணம்.

காற்று எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு, 2020 பிப்ரவரியில் கியாரா புயல் சமயத்தில் நியூயார்க்கிலிருந்து வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.க்கு மேல் போனதால் 'ஒலியை மிஞ்சிய விமானம்' என்று பலர் எழுதினார்கள். மிஞ்சவில்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றோடு ஒப்பிட்டால் அது வழக்கமான வேகத்தில்தான் போனது, அந்தக் காற்றுதான் அப்படி ஓடியது. இன்னும் சுவாரசியமானது 2016இல் ஏர் இந்தியா செய்தது. டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியாக ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் பசிபிக் வழியாக மாற்றினார்கள். 13,900 கி.மீ. இருந்தது 15,300 ஆனது, ஆனால் நேரம் இரண்டு மணி நேரம் போலக் குறைந்தது. தூரம் கூடி நேரம் குறைந்த கதை. தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் சொல்லும் எந்தத் தளத்தாலும் இதைச் சொல்ல முடியாது. நீங்கள் பார்த்த 7 மணி 25 நிமிடம்கூட அப்படி வந்ததுதான் என்று தோன்றுகிறது: 3,461 மைல், மணிக்கு 500 மைல் வேகம், மேலே ஏற இறங்க அரை மணி. போட்டுப் பாருங்கள், அதே எண் வரும். திசை எதுவானாலும் அதற்கு ஒரே விடைதான்.

இடையில் ஒன்று. பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுகிறதே, அப்படியானால் மேற்கே போகும் விமானத்துக்கு நியூயார்க் தானே எதிரே வந்துவிடாதா என்று யாராவது கேட்பார்கள். வராது. பூமியோடு சேர்ந்து காற்றும் சுற்றுகிறது, தரையில் நிற்கும்போதே விமானத்துக்கும் அந்த வேகம் இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் மேற்கிலிருந்து வீசுவதற்குத்தான் பூமியின் சுழற்சி ஒரு காரணம். வெப்பப் பகுதிக்கும் குளிர்ப் பகுதிக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தால் கிளம்பும் காற்றை அந்தச் சுழற்சி திருப்பிவிடுகிறது. ஆக சுழற்சியால் மேற்கே போகிறவருக்கு லாபம் எதுவும் இல்லை, நஷ்டம்தான்.

அடுத்து டிக்கெட் நேரம். இது சக்கரம் தரையை விட்ட நிமிடத்திலிருந்து தரையைத் தொட்ட நிமிடம் வரை அல்ல. கிளம்பும் கேட்டிலிருந்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, போய்ச் சேரும் கேட்டில் நிற்கும் வரை. எங்கள் பேச்சில் பிளாக் டைம். பெரிய விமான நிலையங்களில் ஓடுபாதை வரை உருண்டு போய் வரிசையில் நிற்கவே இருபது, முப்பது நிமிடம் போய்விடும், ஜே.எஃப்.கே.யில் மாலை நேரத்தில் இன்னும் கூடவே. பறக்கும்போதும் முழு வேகம் முழு நேரமும் கிடையாது. 35,000 அடி ஏற இருபது, இருபத்தைந்து நிமிடம். இறங்கும்போது ஆயிரம் அடிக்கு மூன்று நாட்டிக்கல் மைல் என்பது விமானிகளின் கைக்கணக்கு, அதன்படி ஏறக்குறைய 200 கி.மீ. முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். 10,000 அடிக்குக் கீழே வந்துவிட்டால் பெரும்பாலான இடங்களில் 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ.தான் உச்ச வரம்பு. நீண்ட பயணத்தில் இது பெரிதாகத் தெரியாது, குட்டிப் பயணத்தில் இதுவே பாதி. ஹீத்ரோவிலிருந்து பாரிஸ் சார்ல் த கோல் 350 கி.மீ.தான், டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் போட்டிருப்பார்கள். சராசரி பார்த்தால் மணிக்கு 280 கி.மீ., நல்ல ரயில் அதைவிட வேகமாகப் போகும்.

இதற்கு மேல் விமான நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதல் நேரத்தையும் சேர்த்துப் போடுகின்றன. சொன்ன நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் கேட்டுக்கு வந்துவிட்டால் 'சரியான நேரம்' என்பதுதான் துறையில் பரவலாக உள்ள அளவுகோல், ஆகவே சொல்லும் நேரத்தையே தாராளமாகச் சொல்லிவிடுவது அவர்களுக்கு வசதி. ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன், அதில் பாதி உங்களுக்கும் நல்லதுதான். ஆனால் எவ்வளவு சேர்க்கிறார்கள் என்பதை யாரும் வெளியிடுவதில்லை, வழித்தடத்துக்கு வழித்தடம், பருவத்துக்குப் பருவம் மாறும். அதனால் டிக்கெட் நேரத்தைப் பார்த்து விமானம் எவ்வளவு நேரம் பறக்கும் என்று துல்லியமாகக் கண்டுபிடிக்கவும் முடியாது.

எல்லாவற்றையும் உங்கள் டிக்கெட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். பறக்கும் தூரம் 5,750, சராசரி காற்று மணிக்கு 80 கி.மீ. என்று வையுங்கள். வழியெல்லாம் ஒரே அளவில் வீசாது, விலகியும் போவார்கள், அதனால் இந்த அளவு நியாயமானது. போகும்போது தரைவேகம் 820, அதாவது 7 மணி 1 நிமிடம். ஏற்ற இறக்கத்தில் இழக்கும் நேரம் கால் மணி, தரையில் இரண்டு பக்கமும் சேர்த்து 35 நிமிடம், மொத்தம் 7 மணி 51. மேலே கால் மணி போலச் சேர்த்தால் உங்கள் 8 மணி 5 நிமிடம் வந்துவிட்டது. திரும்பும்போது தரைவேகம் 980, 5 மணி 52 நிமிடம். அதே கால் மணி, ஜே.எஃப்.கே. என்பதால் தரையில் 40 நிமிடம், மொத்தம் 6 மணி 47. கொஞ்சம் சேர்த்தால் 7 மணி. இதில் விமானத்தின் வேகம் உறுதி, பறக்கும் தூரம் தோராயம். காற்றும் தரை நேரமும் என் ஊகம், அனுபவத்தில் வந்த ஊகம் என்றாலும் ஊகம்தான். விடை டிக்கெட்டோடு ஒத்துப்போகிறது என்பதற்காக ஒவ்வொரு துண்டும் சரி என்று ஆகிவிடாது. நீங்களே வேறு நகரங்களுக்குப் போட வேண்டுமானால் விமான நிலையத்துக்கு விமான நிலையம் தூரத்தை எடுத்து, ஐந்து சதவீதம் கூட்டி, 900ஆல் வகுத்து, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி வரை சேருங்கள். நீண்ட கிழக்கு–மேற்குப் பயணம் என்றால் காற்றுக்காக அரை மணி முன்னே பின்னே வையுங்கள், மேற்கே கூட்டல், கிழக்கே கழித்தல். வடக்கு–தெற்குப் பயணங்களில் இந்தத் திசை வித்தியாசம் அவ்வளவாக இருக்காது. நடுவே மூடிய வான்வெளி எதுவும் இருந்தால் இந்தக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு டிக்கெட்டையே பாருங்கள்.

அந்த 9 மணி 5 நிமிடம் மட்டும் உண்மையிலேயே தப்பு, ஆனால் எளிதில் வரக்கூடிய தப்பு. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிடுவார்கள், பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறுதான். நடுவில் இருக்கும் இரண்டு மூன்று வாரம் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வித்தியாசம் ஐந்து இல்லை, நான்கு மணி நேரம். காலை 11:00லிருந்து பிற்பகல் 3:05 வரை 4 மணி 5 நிமிடம், அதோடு நான்கு சேர்த்தால் 8 மணி 5 நிமிடம், டிக்கெட்டில் இருப்பதேதான். மாதக் கடைசியில் திரும்பும்போது அந்த ஞாயிறு தாண்டிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், தாண்டியிருந்தால் பழையபடி ஐந்து. இலையுதிர் காலத்திலும் ஒரு வாரம் இப்படி வரும், பிரிட்டன் அக்டோபர் கடைசி ஞாயிறும் அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறும் மாற்றுவதால்.

அடுத்த விமானத்துக்குத் திட்டம் போட இந்தக் கணக்கு எதையும் நம்பாதீர்கள், என் கணக்கு உட்பட. நீங்கள் போகும் நாளில் காற்று எப்படி இருக்கும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது, நாங்களே திட்டம் போடுவது கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்புதான். ஃப்ளைட்ரேடார்24 மாதிரி ஒரு தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டு, கடந்த ஒன்றிரண்டு வாரம் அது உண்மையில் எப்போது வந்து சேர்ந்தது என்று பாருங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள், மிகவும் தாமதமான நாளைப் பாருங்கள். சில தளங்கள் சக்கரம் தொட்ட நேரத்தைக் காட்டும், கேட்டுக்கு வந்த நேரத்தை அல்ல, அதற்குப் பத்து இருபது நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். சில நாள் முன்கூட்டியே வந்துவிட்டாலும் கேட் காலியாக இல்லையென்றால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அப்புறம் குடியேற்றச் சோதனை, பெட்டியை எடுப்பது, வேறு டிக்கெட் என்பதால் மறுபடி செக்-இன், மறுபடி பாதுகாப்புச் சோதனை. அடுத்த விமானம் ஜே.எஃப்.கே.யிலிருந்தே என்றாலும் நடுவில் நான்கு மணி நேரம் விடுவேன், நூவர்க்கிலிருந்தோ லாகார்டியாவிலிருந்தோ என்றால் இன்னும் இரண்டு மணி நேரம் கூட.